ஜெனரேட்டரில் பொறி வரவில்லையா? காயிலை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பவர்கள், கறவை இயந்திரம் வைத்திருப்பவர்கள், ஒரு குதிரைத்திறன் மோட்டாரில் மாடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுபவர்கள் எனப் பல விவசாயிகள் இன்று 2 அல்லது 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆண்டில் பதினோரு மாதம் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொட்டகை மூலையில் கிடக்கும் இந்த இயந்திரம், வேண்டிய நாளில் கிளம்புவதில்லை என்பதே பரவலான குறை. முப்பது தடவை கயிற்றை இழுத்துத் தோள்பட்டை நொந்த பிறகு, வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனால், அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "காயில் போச்சு."

சோதனை எதுவும் செய்யாமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பை விவசாயிகள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. காயிலில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. தாமிரக் கம்பிச் சுற்றுகளைப் பிசினில் மூடி இறுக்கிய கட்டி அது. கெடாது என்பதில்லை, ஆனால் பொறி நின்றுபோகக் காரணங்களை வரிசைப்படுத்தினால் அதற்கு உரிய இடம் கடைசிக்குச் சற்று முன்புதான். பிளக், பிளக் கேப், நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் ஒயர், ஆயில் குறைந்தால் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் ஆகிய நான்கையும் பார்த்து முடிக்கும் வரை காயிலின் பேச்சை எடுப்பது பணத்தை வீணாக்கும் வேலை. ஒரு பிளக்கின் விலையைவிடக் காயிலின் விலை பல மடங்கு. அதை மாற்றிய பிறகும் என்ஜின் கிளம்பாமல் போகும்போதுதான் வயிறு எரிகிறது.

இப்படித் தவறான தீர்ப்பு கிடைப்பதற்குப் பட்டறைக்காரரின் நேர்மைக் குறைவு காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிராமப்புறத்தில் என்ஜின் பழுது பார்ப்பவர்கள் இரு வகையினர். ஒருவர் டீசல் ஆயில் என்ஜினில் கைதேர்ந்தவர். டீசல் என்ஜினில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. இன்னொருவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அவருக்குப் பொறியைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆனால் ஆயில் குறைந்தால் பொறியையே நிறுத்திவிடும் சுவிட்ச் அவர் கையாளும் வண்டிகளில் வழக்கமில்லை. சிறு ஜெனரேட்டர் இந்த இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. விவசாய மின்மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் 1990ல் மின்சாரம் இலவசமான பின் ஆயில் என்ஜின்களும் கொட்டகை மூலைக்குப் போயின. வீட்டுக்கு வீடு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்த நிலையும் அதோடு மெல்லப் போயிற்று.

சுவிட்சின் வேலை தலைகீழ்

பொறி எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த என்ஜின்களில் பொறி தருவதற்குப் பாட்டரி தேவையில்லை. கயிற்றை இழுத்ததும் பிளைவீல் சுழல்கிறது. அதன் விளிம்பில் பதித்த காந்தம் காயிலின் கால்களைக் கடந்து போகும்போது காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் பிறக்கிறது. சரியான நொடியில் அந்த மின்சாரம் துண்டிக்கப்பட்டால், இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழுகிறது. பழைய என்ஜின்களில் இந்தத் துண்டிப்பைச் செய்வது பாயிண்ட். புதியவற்றில் காயிலுக்குள்ளேயே அடங்கிய டிரான்சிஸ்டர்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வீட்டு விளக்கின் சுவிட்சை அணைத்தால் இணைப்பு அறுகிறது. ஜெனரேட்டரின் சுவிட்சை அணைத்தால் இணைப்பு ஏற்படுகிறது. காயிலில் பிறக்கும் மின்சாரத்தை என்ஜினின் உடம்போடு சேர்த்து, அதாவது எர்த் செய்து, பொறி எழாமல் செய்வதே அதன் வேலை. ஆகவே காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயரை எலி கடித்து, உள்ளிருக்கும் கம்பி இரும்புச் சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் "ஆன்" நிலையில் இருந்தாலும் என்ஜினுக்கு அது அணைத்து வைத்ததற்குச் சமம். காயில் நன்றாக இருக்கிறது. பிளக் நன்றாக இருக்கிறது. பொறி மட்டும் வராது. கொட்டகையில் நெல்லும் தவிடும் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா?

ஆயில் சுவிட்ச் செய்வதும் இதே வேலைதான். பல ஜெனரேட்டர்களின் அடிப்பாகத்தில், ஆயில் கிடக்கும் அறைக்குள், ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கி, பொறியை எர்த் செய்துவிடும். என்ஜின் தேய்ந்து பிடித்துக்கொள்ளாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அது பேசாமல் வேலை செய்வதால் உரிமையாளருக்கு விஷயம் தெரிவதில்லை. எச்சரிக்கை விளக்கு உள்ள மாதிரிகளிலும் பகல் வெளிச்சத்தில் அது கண்ணில் படுவதில்லை. ஆயில் சரியாக இருந்தும் ஜெனரேட்டரை வரப்புச் சரிவிலோ மேடு பள்ளமான களத்திலோ வைத்தால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி மிதவை தாழ்ந்துவிடும். அதே ஜெனரேட்டரைப் பட்டறையின் சிமெண்டுத் தரையில் வைத்தால் முதல் இழுப்பிலேயே கிளம்பும். வீட்டுக்குக் கொண்டு வந்தால் மறுபடியும் அதே கதை. பேய் பிடித்தது போலத் தோன்றும் இந்தக் குறைக்கு மருந்து, கால் லிட்டர் ஆயிலும் சமமான தரையும்தான்.

வெளியிலிருந்து உள்ளே

எனவே சோதனை எப்போதும் வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். ஜெனரேட்டரைச் சமதளத்தில், திறந்த வெளியில் வைத்து, ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புவது முதல் வேலை. அதன் பின் பிளக் ஸ்பானரால் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

கழற்றிய பிளக் நிறையச் செய்தி சொல்லும். முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் என்ஜின் ஒழுங்காக எரிந்திருக்கிறது. கரிப்பொடி போல் கறுத்து உலர்ந்திருந்தால் சோக்கைத் திறக்க மறந்து ஓட்டியிருப்பார்கள், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கும். பெட்ரோலில் நனைந்திருந்தால், எரிபொருள் வந்து சேர்ந்திருக்கிறது, பொறி வரவில்லை, அல்லது சோக்கை மூடியபடியே பலமுறை இழுத்து வெள்ளமாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். முனை முழுக்க உலர்ந்து, பெட்ரோல் வாடையே இல்லாவிட்டால், பொறியைத் தேடுவதை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைப் பார்ப்பது நல்லது. பொறியின் மீது வரும் புகார்களில் பல உண்மையில் பெட்ரோலின் குறைகளே.

பிளக்கின் இடைவெளி பெரும்பாலான சிறு ஜெனரேட்டர் என்ஜின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். உப்புத்தாளால் பரபரவென்று தேய்ப்பதைவிடப் புதுப் பிளக் போடுவது மேல். அது அதே எண்ணுள்ள பிளக்காக இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஸ்கூட்டர் பிளக்கைப் போடுவது ஆபத்து. மரையின் நீளம் கூடுதலாக இருந்தால் பிளக்கின் முனை உள்ளே பிஸ்டனில் இடிக்கும். அப்போது போவது காயிலின் விலை அல்ல, என்ஜினின் விலை.

அடுத்தது பொறிச் சோதனை. இதில் சிலர் காட்டும் அலட்சியம் அச்சம் தருவது. பெட்ரோல் குழாயை மூடி, சுவிட்சை அணைத்து, பிளக் துளை திறந்திருக்கும்போதே கயிற்றை நாலைந்து தடவை இழுத்து, உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, ஆவி கலையும் வரை பொறுத்து, துளையைத் துணியால் மூட வேண்டும். பிறகு பிளக்கைக் கேப்பில் பொருத்தி, துளைக்குத் தூரமாக, அதன் மரைப் பகுதி என்ஜினின் வெறும் இரும்பில் நன்றாகப் படும்படி, பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு, சுவிட்சை "ஆன்" செய்து இன்னொருவரைக் கயிற்றை வேகமாக இழுக்கச் சொல்ல வேண்டும். விரலால் பிடித்தால் உதறித் தள்ளும். பிளக்கை எங்கும் படாமல் அந்தரத்தில் விட்டு இழுப்பதும் கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்துவிடலாம். நல்ல காயிலைக் கெட்ட காயிலாக்கும் சோதனை அது.

பொறி நீல நிறத்தில் 'சட்' என்ற ஓசையோடு விழுந்தால் நல்லது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து விழுந்தால் போதாது. வெளியில் விழும் மெலிந்த பொறி, உருளைக்குள் அழுத்தமான கலவையின் நடுவில் விழாமலே போகலாம்.

பொறியே இல்லையென்றால் பிளக் கேப்பைக் கவனிக்க வேண்டும். பல என்ஜின்களில் இது ஒயரில் மரை போல் திருகிப் பொருத்தப்பட்டது. திருகிக் கழற்றிப் பார்த்தால் ஒயரின் நுனி பச்சை பூத்திருப்பது தெரியும். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிய நுனியில் கேப்பைத் திருகினால் போதும். வெட்டுவதற்கு ஒயரின் நீளம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போதும் பொறி இல்லையா? இனி வருவதுதான் பட்டறைகளில் பெரும்பாலும் செய்யாமல் விடப்படும் சோதனை. காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒற்றை ஒயரின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பொறியைப் பார்க்க வேண்டும். இப்போது பொறி வந்தால் காயில் குற்றமற்றது. குறை சுவிட்சிலோ, ஒயரிலோ, ஆயில் சுவிட்சிலோ இருக்கிறது. ஒயரைத் திரும்ப இணைத்து, ஆயில் சுவிட்சின் இணைப்பை மட்டும் கழற்றினால் மூன்றில் எது என்பது மேலும் தெளிவாகும். ஒயரைக் கழற்றிய நிலையில் என்ஜினைக் கிளப்பிவிட்டால் சுவிட்ச் அதை நிறுத்தாது என்பது நினைவில் இருக்கட்டும். பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு "இனி தொல்லையில்லை" என்று நிரந்தரமாக ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒருநாள் ஆயில் இல்லாமல் ஓட்டிக் கனெக்டிங் ராடையும் சேர்த்து மாற்றுவார்கள்.

எங்கே நிறுத்திக்கொள்வது

இதுவரை சொன்னவற்றுக்குத் தேவை பிளக் ஸ்பானர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம். விவசாயிகள் என்ஜினில் கை வைக்கக் கூடாது, கெடுத்துவிடுவார்கள் என்பது சில விற்பனையாளர்களின் வாதம். பிளைவீலுக்கு வெளியே இருப்பதைப் பொறுத்தவரை இந்த வாதம் நிற்காது. பிளைவீலைக் கழற்றுவதைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. அதற்கு இழுவைக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் பிளைவீல் விரியும், காந்தமும் வலுவிழக்கும். அந்த வேலை பழகியவரிடமே போகட்டும்.

மேல் மூடியைக் கழற்றத் துணிந்தவர்கள் அங்கே காண்பதும் சில சமயம் எளிய குறையாகவே இருக்கும். குளவி கட்டிய மண் கூடு, எலி சேர்த்த நார், காயிலின் கால்களிலும் காந்தத்தின் மேலும் ஏறிய துரு. கடலோர ஊர்களில் இந்தத் துரு சீக்கிரமே ஏறும். காயிலின் காலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி பெரும்பாலான என்ஜின்களுக்குப் பொருந்தும். பீலர் கேஜ் இல்லாதவர்கள் இரும்பல்லாத ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து, காந்தம் காயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதும் திருகாணிகளை இறுக்கிக் கார்டை உருவிக்கொள்கிறார்கள். பழைய பாயிண்ட் வகை என்ஜின்களில் நீண்ட நாள் ஓடாமல் கிடந்ததால் பாயிண்ட் முகத்தில் படியும் மெல்லிய பூச்சே பொறியைத் தடுக்கப் போதுமானது. துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தால் பல நேரம் உயிர் வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் கண்டன்சர்.

காயில் உண்மையாகவே கெட்டிருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்பி, இருபது முப்பது நிமிடம் ஓடி, சூடானதும் நின்று, அரை மணி ஆறியதும் மறுபடி கிளம்பும் என்ஜினில் காயிலைச் சந்தேகிக்கலாம். சூட்டில் விரியும் உட்சுற்று எங்கோ விட்டுப் போகிறது. ஆனால் பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே போல்தான் நடக்கும். டாங்குக்குள் காற்று நுழைய வழியில்லாமல் பெட்ரோல் இறங்குவது நிற்கும்; சிறிது நேரம் கழித்துக் காற்று கசிந்து உள்ளே போனதும் மீண்டும் இறங்கும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. நின்றவுடன் மூடியைத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும். உடனே கிளம்பினால் குறை மூடியில். கிளம்பாவிட்டால், என்ஜின் முழுதும் ஆறுவதற்குள் பொறியைச் சோதிக்க வேண்டும். சிந்தும் பெட்ரோல் சூடான சைலன்சரில் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால், டாங்க் மூடியை இறுக மூடி, குழாயையும் அடைத்த பிறகே அதைச் செய்வது நல்லது. ஒரு மூடிக்காகக் காயில் மாற்றியவர்கள் கொஞ்சப் பேர் அல்லர்.

நல்ல பொறி வந்தும், பெட்ரோல் வந்தும், கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுத்தால், பிளைவீலின் சாவி அறுந்து பொறி விழும் நேரம் மாறியிருக்கும். அதுவும் பட்டறை வேலை.

இந்த அரை மணி நேர அறிவின் மதிப்பு புயல் நாளில்தான் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பின், டெல்டாவின் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக் கணக்கில் ஆயிற்று. வாடகை ஜெனரேட்டர்களைக் கொண்டு மேல்நிலைத் தொட்டிகளில் நீர் ஏற்றினார்கள். அந்த நாட்களில் எந்த மெக்கானிக்கைத் தேடிப் போவது? மரங்கள் விழுந்து கிடக்கும் சாலையில் ஜெனரேட்டரை எந்த வண்டியில் ஏற்றுவது? இன்குபேட்டரில் பதினெட்டாம் நாள் முட்டை இருக்கும்போது, பிளக் கேப்பின் நுனியை வெட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஓர் ஈட்டுக் குஞ்சின் கணக்கு. ஜெனரேட்டர் கிளம்பிவிட்டது என்ற மகிழ்ச்சியில் மழைக்குப் பயந்து அதை வீட்டுக்குள்ளோ மூடிய மோட்டார் அறைக்குள்ளோ வைத்து ஓட்டிவிடக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாடையின்றிக் கொல்லும்.

விற்பனையாளர்கள் தங்கள் பங்கைச் செய்வதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல ஜெனரேட்டர்களோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒயர்களின் நிறத்தையும் அவை போகும் இடத்தையும் காட்டும் படம் அதன் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரே பக்கத்தில், தமிழில், "பொறி வரவில்லையென்றால் இந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள்" என்று அச்சடித்து டாங்கின் அடியில் ஒட்டித் தர என்ன தடை? களையெடுக்கும் இயந்திரம், விசைத்தெளிப்பான், புதர் வெட்டும் கருவி என மானியத்தில் வாங்கும் பல கருவிகளில் இருப்பதும் இதே வகைச் சிறு பெட்ரோல் என்ஜின்தான். மானியம் கொடுக்கும் நாளிலேயே பிளக்கைக் கழற்றி, பொறி பார்த்து, எர்த் ஒயரைக் கழற்றிக் காட்டும் ஒரு மணி நேரப் பயிற்சியை வேளாண் பொறியியல் துறை கட்டாயமாக்கினால், பயனாளிகளுக்கு மானியத்துக்கு நிகரான உதவியாக இருக்கும். பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கும் இந்தப் பயிற்சி போய்ச் சேர வேண்டும். பகலில் தோட்டத்தில் இருப்பவர்களில் பலர் அவர்களே.

பழைய மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்களை இன்னும் வைத்திருப்பவர்களுக்குத் தனியே ஒரு குறிப்பு. பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இந்த என்ஜினை, நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே மறுபடி பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். திருப்பாமல் நிறுத்தினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் குளிர்ந்த என்ஜினில் பிளக்கை நனைக்கும். பொறி இல்லை என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். மாதக் கணக்கில் டாங்கில் விட்டு வைத்தால் கார்புரேட்டரின் நுண்துளைகள் கெடும். வேலை முடிந்ததும் டாங்கை வடித்துவிட்டு, குழாயை மூடிக் கிண்ணத்திலுள்ளது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துவதே சேமித்து வைக்கும் முறை. மாதம் ஒருமுறை புதுப் பெட்ரோல் ஊற்றிப் பதினைந்து நிமிடம் இரண்டு விளக்குகளைப் போட்டு ஓட்டிப் பார்த்து, மீண்டும் வடித்து வைக்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் பிளக்கைக் கழற்றி ஒருமுறை பொறி பார்த்துவிட்டு, அதே எண்ணுள்ள புதுப் பிளக் ஒன்றையும் பிளக் ஸ்பானரையும் துணியில் சுற்றி ஜெனரேட்டரின் கைப்பிடியிலேயே கட்டி வைத்துவிடலாம்.